பஞ்சர் பார்த்தல்

‘பஞ்சர் ஒட்ட வேண்டும்’ என்றும் சொல்கிறோம். ‘பஞ்சர் பார்க்க வேண்டும்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே வேலையைக் குறிக்கும் இருவேறு தொடர்கள் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தோம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் நடத்திச் சம்பளம் வாங்கும் ஒருவர் வினைச்சொல் விஷயத்தில் இவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கக் கூடாது. சென்ற புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மானாமதுரையிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில், ஒரு முள் அதை எடுத்துச் சொல்லிற்று. (முள் என்றதும் நம் மாணவர்கள் எதிர்பார்க்கும் குறள் இக்கட்டுரையில் வராது. அதுபோலவே, ‘நாம்’ என்று எழுதுவதை யாரும் பெருமைப் பன்மையாகக் கொள்ள வேண்டாம். ‘சென்ற வகுப்பில் நாம் பார்த்தோம்’ என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படிப் படிந்துவிட்டது. வீட்டிலும் அவ்வாறே பேசிவிட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு.)

நம் தந்தையாருக்கு 74 வயது. கிராமத்து அஞ்சல்காரராக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மிதிவண்டி மிதித்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும், யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல், தாமே உரசிக்கொள்ளத் தொடங்கின. வயதாகிவிட்டது என்றோம். பிறகு நடை குறுகிற்று. பேச்சு தணிந்தது. கையெழுத்து எறும்பு ஊர்வதுபோல் சிறுத்தது. ஆயிரக்கணக்கான முகவரிகளைப் படித்தவருடைய கையெழுத்தை, வங்கியில் அவருடையதென்று ஏற்க மறுத்த பின்னரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நடுக்குவாதம் என்றார். 1817இல் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயராலேயே உலகம் இதை அறியும். மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவருவதால் நேர்வது. அக்குறையை ஓரளவு ஈடுகட்டும் மாத்திரை உண்டு. நோயையே நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மாத்திரை மட்டும் வேளை தவறக் கூடாது. தவறினால் மனிதர் மரமாகிவிடுவார்.

மதுரையிலிருந்து ஒரு நரம்பியல் மருத்துவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிவகங்கைக்கு வருகிறார். பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பார்ப்பார். அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம், மோட்டார் சைக்கிளில். நோயாளியை இப்படி அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை. ஆட்டோ வைத்துக்கொள்ளும்படி மனைவி ஒவ்வொரு முறையும் சொல்வார். சுயநிதிக் கல்லூரிச் சம்பளம் ஒரு காரணம். பேருந்தின் படி மற்றொரு காரணம். படியைக் கண்டதும் அப்பாவின் கால்கள் தரையில் ஆணி அறைந்தாற்போல் நின்றுவிடும், நடத்துநர் விசில் ஊதிக்கொண்டிருப்பார். மூன்றாவது காரணம் அப்பாவுக்கு வண்டி பிடிக்கும் என்பது. எங்கள் இருவர் இடுப்பையும் சுற்றி அவருடைய நீளமான பருத்தித் துண்டால் ஒரு கட்டு. சின்ன வயதில் மிதிவண்டியின் பின்னால் தூங்கி விழும் நம்மை அவர் கட்டிவைத்த அதே முறை.

ஒன்பதே முக்காலுக்குப் பின்சக்கரம் நழுவத் தொடங்கிற்று. சாலை நேராக இருக்க, வண்டியின் இடுப்பு மட்டும் இடமும் வலமுமாக ஆடியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டு, கால்களை ஊன்றி ஓரமாக நிறுத்தினோம். கட்டு அவிழ்ந்து அப்பாவை இறக்கிச் சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார வைப்பதற்குள் பின் டயர் முழுவதும் படுத்துவிட்டது.

இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் டியூப் இல்லாத டயர்தான். ஆணி குத்தினாலும் காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும்; அடுத்த ஊர் வரை ஓட்டிப் போய்விடலாம். நம்முடையது பதினைந்து வயது வண்டி, கம்பிச் சக்கரம். கம்பிகளின் தலைகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் உள்ளே டியூப் இல்லாமல் காற்று நிற்காது. டியூபில் துளை விழுந்தால் போயிற்று, நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏற்றி ஓட்டினால் டியூப் கிழியும். உருட்ட வேண்டும். நாம் உருட்டலாம். அப்பா?

முட்டாள்தனமான ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. இவரை இங்கேயே உட்கார வைத்துவிட்டு வண்டியை உருட்டிப் போய் ஒட்டிக்கொண்டு வருவது. அல்லது வண்டியை விட்டுவிட்டு இவரைக் கைத்தாங்கலாக நடத்திப் போவது. பத்தரைக்கு மாத்திரை. எதுவும் சரிப்படாமல் நின்றபோது கரிமூட்டைகள் ஏற்றிய ஒரு சின்ன யானை தானாகவே நின்றது. “ஐயாவ நான் ஏத்திக்கிறேன் சார். முக்குல பஞ்சர் கடை இருக்கு, அங்க எறக்கி விடுறேன். நீங்க உருட்டிட்டு வாங்க” என்றார் ஓட்டுநர். அப்பாவின் கால் எழவில்லை. நம் செருப்பைக் கழற்றி அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே போட்டோம். மருத்துவர் கற்றுக்கொடுத்த தந்திரம் அது. வெறுந்தரையில் நடக்க வராத கால், குறுக்கே ஒன்றைக் கண்டால் தாண்டிவிடும். தாண்டினார், ஏறினார், போனார். மூட்டைகளில் இருந்தது சீமைக்கருவேலங்கரி. எங்கள் பக்கத்தில் அதுவொரு பிழைப்பு.

ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். வெயிலில் காற்றில்லாத வண்டியை உருட்டுவது போன்ற தனிமை வேறில்லை. மனம் எங்கெங்கோ போயிற்று. காற்றடைத்த சக்கரத்தை உலகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டன்லப் என்ற கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்டில் தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் தெருவில் அதிர்ந்ததைப் பார்த்து, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே தாம்சன் என்பவர் அதைக் கண்டுபிடித்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்து காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். அதை வேரோடு அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டு, ஊர்தோறும் பொக்லைன்கள் இறங்கியது நினைவிருக்கலாம். எங்கள் மாவட்டத்தில் பார்த்தால் அப்படியொன்று நடந்த சுவடே தெரியாது.

கடையை வந்தடைந்தோம். புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை, வாசலில் நட்டுவைத்த பழைய லாரி டயர், அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ‘இவ்விடம் பஞ்சர் ஒட்டப்படும்’. தமிழர் வாயில் செயப்பாட்டு வினை வருவதே இல்லை. பலகைகளில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. ஒட்டுபவன் தன்னை மறைத்துக்கொள்ளும் அடக்கம் நமக்கு எப்போதும் பிடிக்கும். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டகைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் கொடுத்தோம். கடையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. முதலாளி மதுரைக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிறாராம்.

சக்கரத்தைக் கழற்றாமலேயே அத்தம்பி வேலையைத் தொடங்கினான். வால்வின் முள்ளைத் திருகி எடுத்தான். டயரின் விளிம்பைக் காலால் மிதித்து ரிம்மிலிருந்து பிரித்தான். இரண்டு கம்பிகளைச் செருகி நெம்பி, ஒரு பக்கத்தை வெளியே தள்ளி, டியூபைக் குடல்போல் உருவினான். காற்றடித்தான். மானாமதுரைச் சூளையில் சுட்ட பெரிய மண்தொட்டி ஒன்றின் உடைந்த அடிப்பாகம்தான் அங்கே தண்ணீர்ப் பாத்திரம். டியூபைச் சாண் சாணாக அதில் அமிழ்த்திக்கொண்டே போனபோது ஓரிடத்தில் குமிழிகள் கோத்துக்கொண்டு எழுந்தன.

“அங்கிட்டு” என்றார் அப்பா.

தம்பிக்குக் கேட்கவில்லை. நமக்குக் கேட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதைச் சொல்வது நம் வேலையாக இருந்தது.

கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் தபால் கொண்டு போகிறவருக்கு வாரத்தில் இரண்டு பஞ்சர் சாதாரணம். கடைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. தபால் பைக்குள்ளேயே ஒரு சிறு தகர டப்பா வைத்திருப்பார்: உப்புத்தாள், சொல்யூஷன், பழைய டியூபில் வட்டமாக வெட்டி ஓரம் சீவிய ஒட்டுத் துண்டுகள், கொஞ்சம் வால்டியூப். வீட்டு முற்றத்தில் வேலை நடக்கும். முதலில் வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பார். குமிழி வந்தால் வால்டியூபை மாற்றினால் போதும். வராவிட்டால்தான் டியூபைக் கழற்றுவது. தண்ணீருக்கு அம்மாவின் சோற்றுக் குண்டானை எடுப்பார். அம்மா சண்டைக்கு வருவார். ரப்பர் முங்கிய பாத்திரத்தில் எப்படிச் சோறு வடிப்பது என்பது அவர் கட்சி. குனிந்து குமிழியைக் கண்டுபிடித்துக் கூவுவது நம் பங்கு. சொல்யூஷன் தடவியதும் வாயால் ஊதி, பிசுபிசுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது எழும் அந்த நெடி! பெட்ரோலும் அல்லாத, பெயின்ட்டும் அல்லாத, மூக்கைத் துளைத்து நெற்றிக்கு ஏறும் இனிய நெடி. புதுப் புத்தக வாசனையைப் பற்றி எழுதாத எழுத்தாளர் இல்லை. நம் குழந்தைப் பருவத்தின் வாசனை இதுதான். இதை எழுதினால் யாரும் சிறப்பாக நினைக்க மாட்டார்கள் என்று இத்தனை நாளாக எழுதவில்லை.

தம்பி துளையிருந்த இடத்தை அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டு வைத்துச் சுத்தியலால் தட்டினான். அதே நெடி. மணி பத்து ஐம்பது. அப்பா ஏதோ சொன்னார். அருகே குனிந்தோம்.

“டயருக்குள்ள பாத்தானா?”

டயருக்குள்ளே பார்ப்பதென்றால் குத்தியது எது, இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது. தம்பி டயருக்குள் இரண்டு விரலை விட்டு ஒருமுறை வழித்ததைக் கண்டிருந்தோம். அதைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சக்கரத்தைக் கழற்றச் சொன்னால் இன்னும் கால் மணி ஆகும்; பன்னிரண்டுக்கு மருத்துவர் எழுந்துவிடுவார்; தவறினால் இரண்டு வாரம்.

“பாத்துட்டாருப்பா” என்றோம்.

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். இந்நோய் முகத்தின் தசைகளையும் இறுக்கிவிடுகிறது. அம்முகத்தில் இப்போதெல்லாம் எதையும் வாசிக்க முடிவதில்லை. நம்பினாரா, நம்பாமல் விட்டுக்கொடுத்தாரா, தெரியவில்லை.

டியூபை உள்ளே தள்ளி, டயரை ஏற்றி, காற்றடித்து முடித்தான். 120 ரூபாய் கொடுத்தோம். அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பி, டயர் நெம்பும் கம்பி ஒன்றைத் தரையில் குறுக்கே போட்டுத் தாண்டவைத்து, வண்டியில் ஏற்றித் துண்டால் கட்டி, சாலைக்கு வந்து நூறடி போயிருப்போம். வண்டியின் இடுப்பு மறுபடியும் ஆடிற்று.

திரும்பி வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தம்பியின் முகம் சுண்டிப்போயிருந்தது. இந்த முறை அச்சு நட்டைக் கழற்றி, பிரேக் கம்பியை விடுவித்து, சக்கரத்தையே வெளியே எடுத்தான். முதல் ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் புதிய துளை. அப்பா கையை நீட்டினார். “இங்க கொண்டா” என்பது இப்போது எல்லாருக்கும் கேட்டது. தம்பி நம்மைப் பார்த்தான். நாம் சக்கரத்தைத் தூக்கி, அடுக்கியிருந்த பழைய டயர்களின்மேல் அவர் முழங்காலுக்கு அருகே வைத்தோம்.

“ஓட்டை வால்வுலேருந்து எத்தன சாண்?”

“ரெண்டே முக்காச் சாண் இருக்கும் தாத்தா.”

அப்பா இடுப்பிலிருந்த துண்டை உருவி வலக்கையில் சுற்றிக்கொண்டார். வெறுங்கையை விட்டால் முள் விரலைக் கிழிக்கும். துணியை விட்டால் முள்ளில் துணி சிக்கும். இதையும் நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், மறந்துபோயிருந்தோம். வால்வுத் துளையில் இடக்கைக் கட்டைவிரலை ஊன்றிச் சாண் போட்டார். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே துண்டு சுற்றிய கையை விட்டார். ஒரு பக்கம் ஒன்றுமில்லை. கையை எடுத்து மறுபக்கம் சாண் போட்டு மீண்டும் விட்டார். மெதுவாக, மிகமிக மெதுவாக, துணியை உட்சுவரின்மேல் இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் கை நின்றது. துண்டைக் கழற்றிவிட்டு, நான்கு ஆண்டுகளாகச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அதே இரண்டு விரல்களையும் உள்ளே செலுத்தினார்.

அவை நடுங்கவில்லை. நாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணிக்கட்டிலும் நடுக்கமில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரம்தான் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“மொட்டைய வெளியருந்து அமுக்கு” என்றார். தம்பி டயரின் வெளிப்புறத்தை அழுத்த, அவர் நகத்தால் கிள்ளி வெளியே எடுத்தார். கருவேல முள்ளின் ஒடிந்த நுனி. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. டயரின் சதைக்குள் புதைந்திருந்து, பாரம் ஏறினால் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்து நம்மிடம் காட்டினார். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தம்பி மறுபடி தேய்த்து, சொல்யூஷன் தடவினான். கொட்டகை முழுவதும் நெடி. அப்பா அவன் கையையே பார்த்திருந்துவிட்டு, பழைய பழக்கத்தில் குனிந்து, ஒட்டுத் துண்டின் அருகே முகத்தைக் கொண்டுபோய் ஊதினார். பிறகு மூச்சை உள்ளே இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

“இப்ப வர்ற சொல்யூஷன்ல வாசமே இல்ல, என்ன?” என்றார்.

“அட போங்க தாத்தா! இந்த நாத்தத்துலயே எனக்குத் தெனமும் தலவலி” என்று சிரித்தான் தம்பி.

முதல்முறை போயிருந்தபோது மருத்துவர் அப்பாவிடம் கேட்டார்: “வாசனையெல்லாம் தெரியுதாய்யா?” இந்நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூக்கு வாசனையை இழந்துவிடுவது உண்டு என்றும் விளக்கினார். “நல்லாத் தெரியுது” என்றார் அப்பா. அந்த ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று நாம் அன்று ஆறுதல் அடைந்தோம். அதற்கும் முன்பு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெங்கும் புகைந்தபோது, அடுக்களைக்கு ஏழடி தூரத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார் அவர். கல்லூரியிலிருந்து களைத்து வந்த நாம் சத்தம் போட்டோம். “கவனிக்கல தம்பி” என்று எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தார். அந்தப் பாத்திரம் கண்முன் வந்தது. தம்பி ஒட்டின்மேல் தட்டும் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது ஒட்டுக்குத் தம்பி காசு வாங்க மறுத்தான். தன் தப்பு என்றான். அவன் தப்பில்லை என்பது நமக்குத் தெரியும். அதை அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை என்று நினைத்தோம். அப்பா சட்டைப் பையிலிருந்து ஓர் ஐம்பது ரூபாயை எடுத்துச் சொல்யூஷன் டப்பாவுக்கு அடியில் செருகினார். முள்ளை ஒரு காகிதத்தில் மடித்து அதே பையில் வைத்துக்கொண்டார்.

சிவகங்கையை அடைந்தபோது பன்னிரண்டேகால். மருத்துவர் கிளம்பிக்கொண்டிருந்தார், அப்பாவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். டயருக்குள் கை நடுங்காமல் இருந்ததை வியப்போடு சொன்னோம். இது ஓய்வில் வரும் நடுக்கம், கை ஒரு வேலையில் இறங்கினால் தணிவது இயல்புதான், அதிசயம் ஒன்றுமில்லை என்றார். நமக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அப்பா நம்மைப் பார்த்தார். இல்லை என்றோம்.

இரவு அம்மா துவைக்கத் துணி எடுக்கும்போது அந்தத் துண்டை உதறிவிட்டு முகத்தைச் சுளித்தார். “என்னங்க இது, துண்டுல இந்த நாத்தம் நாறுது? பழையபடி பஞ்சர் ஒட்டப் போயிட்டீங்களா?”

அப்பா துண்டைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தார்.

“ஆமா, சொல்யூஷன்தான்” என்று திருப்பிக் கொடுத்தார். “சோப்பு போட்டாப் போயிரும்.”